அப்பா அம்மாவின் அமெரிக்கத் தங்கலை நீட்டிப்பது எப்படி: ஐ-539 போடுவதும், போட்டபின் காத்திருப்பதும்

ஊரிலிருந்து வந்த பெற்றோர் இன்னும் இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைக்கும்போதுதான் பலருக்கு ஐ-539 என்ற படிவத்தின் பெயரே காதில் விழுகிறது. அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டே தற்காலிக விசாவின் தங்கும் காலத்தை நீட்டிக்கவோ, ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறவோ யூஎஸ்சிஐஎஸ் என்ற குடியேற்றத் துறையிடம் கொடுக்கும் மனு அது. இங்கே பெரும்பகுதி பி-2 என்ற சுற்றுலா விசாவில் வந்த அப்பா அம்மாவைப் பற்றித்தான், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் கேட்பது அதைத்தான். எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்-4, மாணவர் விசா, வேலை போன எச்-1பி ஆட்கள், இவர்களுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. முன்பு ஓவர்ஸ்டே ஆனவர், பழைய நிராகரிப்பு உள்ளவர், போலீஸ் கேஸ் உள்ளவர் என்றால் இதைப் படித்துவிட்டு நீங்களே இறங்க வேண்டாம், குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.

எந்தத் தேதியைப் பார்ப்பது

பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில் பத்து வருடம் என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "இன்னும் நாள் இருக்கே" என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பத்து வருடமும் இந்த நாட்டு எல்லைக்கு வந்து நுழைய அனுமதி கேட்பதற்கு மட்டும்தான். உள்ளே எத்தனை நாள் என்பதை விமான நிலையத்தில் சிபிபி என்ற சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் அதிகாரி முடிவு செய்கிறார், அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் ஏறுகிறது. பி-2வுக்கு வழக்கமாக ஆறு மாதம். இப்போதெல்லாம் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தாமலும் விடுகிறார்கள், அதனால் பெற்றோர் வந்து இறங்கிய வாரமே சிபிபியின் ஐ-94 தளத்தில் போய்ப் பதிவை எடுத்து பிடிஎஃப்பாகச் சேமித்துவையுங்கள். ஆறு மாதம் என்று நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகப் போகிறதென்றால் அதிகாரி அந்தத் தேதியோடு ஐ-94ஐயும் வெட்டிவிடுவது உண்டு.

தேடும்போது "பதிவு இல்லை" என்று வந்தால் பதற வேண்டாம், முக்கால்வாசி நேரம் அது நம் பெயர் செய்யும் வேலை. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்து முழுப் பெயரும் கிவன் நேம் கட்டத்தில் இருக்கும் நம் அப்பாக்களுக்கு, அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் சர்நேம் ஆகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று மூன்றெழுத்து உட்கார்ந்திருக்கும். தளத்திலும் அப்படியே போட்டுப் பாருங்கள். இன்ஷியலை விரித்தும், விரிக்காமலும், இடைவெளி விட்டும் விடாமலும் ஒவ்வொன்றாக முயலுங்கள். எது கிடைக்கிறதோ அதுதான் அரசு கணினியில் அவர் பெயர், மனுவிலும் அதையொட்டியே எழுதுங்கள்.

உண்மையிலேயே தேவையா

இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்லைனில் 420 டாலர், காகிதத்தில் 470 டாலர் (2024 ஏப்ரல் முதல் இந்தக் கட்டணம், அனுப்பும் முன் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்). நிராகரித்தாலும் பணம் திரும்பாது. ஒரு மாதம் கூடுதலாக இருப்பதற்கு இவ்வளவும் தேவையா? டிக்கெட் தேதியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு ஊருக்குப் போய், ஆறேழு மாதம் இருந்துவிட்டுத் திரும்ப வருவது பல குடும்பங்களுக்கு மலிவும் நிம்மதியும்.

இன்னொன்று. நீட்டிப்பு கிடைத்தால் அது முழுக்கச் சட்டப்படியானது, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்த முறை வரும்போது கவுண்டரில் இருப்பவர் திரையில் பார்ப்பது "போன தடவை பதினொரு மாதம்" என்பதைத்தான். சுற்றுலா வந்தவர் ஏன் அத்தனை நாள் இருந்தார் என்று கேட்பார், அப்பா திணறுவார். அதனால் காரணம் வலுவாக இருக்கும்போது மட்டும் போடுங்கள் என்பது என் கட்சி: எலும்பு முறிவு, அறுவைசிகிச்சை, பிரசவம் தள்ளிப்போனது, குடும்பத்தில் ஒரு கல்யாணத் தேதி மாறியது, இந்த மாதிரி.

சிலருக்கு வழியே கிடையாது. விசா இல்லாமல் வேவர் திட்டத்தில் வந்தவர்கள் (இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அது இல்லை, ஆனால் லண்டனிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டில் வரும் நம் சொந்தங்களுக்கு இது பொருந்தும்), டிரான்சிட் விசாவான சி, கப்பல் மற்றும் விமானப் பணியாளர்களின் டி, கே-1 நிச்சயதார்த்த விசா, இவர்கள் ஐ-539 போட முடியாது. சித்தி லண்டனிலிருந்து ஈஸ்டாவில் (அந்த வேவர் திட்டத்தின் ஆன்லைன் அனுமதி) வந்திருக்கிறார் என்றால் தொண்ணூறு நாளில் கிளம்பியே ஆக வேண்டும்.

எப்போது போடுவது

ஐ-94 தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்னால் என்பது துறை சொல்லும் பரிந்துரை. சட்டப்படி பார்த்தால் தேதி முடிவதற்குள் மனு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் போதும். கவனியுங்கள், போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், நீங்கள் தபாலில் போட்ட நாள் கணக்கில் வராது. கடைசி வாரத்தில் காகிதத்தில் அனுப்பி, கையெழுத்து விட்டுப்போனதென்றோ பழைய பதிப்புப் படிவம் என்றோ கவர் அப்படியே திரும்பி வந்தால், அதற்குள் ஐ-94 முடிந்திருக்கும். அந்த ஆபத்தே வேண்டாமென்றுதான் ஆன்லைன் வழி இருந்தால் ஆன்லைனில் போடச் சொல்கிறேன், பணம் கட்டியதும் ரசீது எண் உடனே வந்துவிடும்.

தேதி தாண்டிவிட்டால்? நம் கட்டுப்பாட்டை மீறிய அசாதாரணக் காரணம் இருந்து, தாமதமும் அதற்கு ஏற்ற அளவில் இருந்தால் மன்னிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஐசியூவில் இருந்தார் என்றால் கேட்டுப் பார்க்கலாம். மறந்துவிட்டோம் என்பதெல்லாம் நிற்காது.

ரொம்ப முந்திக்கொள்வதும் நல்லதில்லை. வந்து இறங்கிய மாதமே நீட்டிப்புக் கேட்டால், கவுண்டரில் ஆறு மாதம் என்று சொல்லி வந்தவர் மனசுக்குள் ஒரு வருடத் திட்டத்தோடுதான் வந்தாரோ என்ற கேள்வி தானாக எழும்.

கடிதம்தான் மனுவின் உயிர்

படிவம் என்பது கட்டங்களை நிரப்புவது, அதை யாரும் செய்துவிடலாம். அதிகாரி முடிவெடுப்பது கூட வைக்கும் கடிதத்தையும் ஆதாரங்களையும் வைத்து. அவருக்கு வேண்டியது நான்கு விஷயம்: ஏன் இன்னும் இருக்க வேண்டும், அது ஏன் தற்காலிகம், எப்போது எப்படிக் கிளம்புவீர்கள், அதுவரை செலவுக்குப் பணம் எங்கிருந்து. ஊரில் வீடு வாசல், வேலை, ஓய்வூதியம் இதெல்லாம் என்ன ஆகும் என்பதும் இதோடு சேர்ந்ததே.

நான் பார்த்த கடிதங்களில் பாதி இப்படி இருக்கும்: "நான் என் மகனோடும் பேரக்குழந்தைகளோடும் மேலும் சில காலம் மகிழ்ச்சியாக இருக்க விரும்புகிறேன், அமெரிக்காவின் அழகிய இடங்களைக் காண விரும்புகிறேன், தயவுசெய்து ஆறு மாதம் தரவும்." இதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் அதிகாரி பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "என் மனைவிக்குச் சென்ற மாதம் இடுப்பெலும்பு முறிந்து அறுவைசிகிச்சை நடந்தது. பன்னிரண்டு வாரம் நெடுந்தூர விமானப் பயணம் கூடாது என்று மருத்துவர் எழுதிய கடிதம் இணைப்பு 3. அந்தக் காலம் முடிந்த இரண்டாவது வாரத்துக்குத் திரும்பும் டிக்கெட் எடுத்திருக்கிறோம், இணைப்பு 4. மதுரையில் எங்கள் சொந்த வீடு இருக்கிறது, அதன் வீட்டுவரி ரசீது இணைப்பு 5; எனக்கு மாநில அரசு ஓய்வூதியம் வருகிறது, அதன் ஆணை இணைப்பு 6." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு காகிதம் நிற்கிறது. எழுதுவது ஆங்கிலத்தில்தான், ஒரு பக்கம் போதும், அலங்காரம் வேண்டாம்.

கேட்கும் தேதியும் இதோடு பொருந்த வேண்டும். பி-2வுக்கு ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஆறு மாதம் நீட்டிப்பார்கள் என்பதற்காகக் கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஆறு மாதம் போடுகிறார்கள். மூன்று மாதத்துக்குத்தான் காரணம் இருக்கிறது என்றால் மூன்று மாதமும், கிளம்ப ஒரு வாரம் இரண்டு வாரமும் கேளுங்கள்.

பேரக்குழந்தை விஷயத்தில் ஜாக்கிரதை. மகள் வேலைக்குத் திரும்பப் போகிறாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வேண்டும் என்று வெளிப்படையாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர்க் கண்ணோட்டத்தில் பாட்டி பேத்தியைப் பார்ப்பதில் என்ன தப்பு என்று தோன்றும். படிக்கிற அதிகாரிக்கோ, சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய இடத்தில் சுற்றுலா விசாக்காரரை நிறுத்துவதாகத் தெரியலாம். இதற்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை, மனுவில் பொய் எழுதினால் அதன் விளைவு வாழ்நாள் முழுக்க வரும். உண்மையான காரணமே குழந்தை பார்ப்பதுதான் என்றால், அந்த மனு பலவீனமானது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

பணத்துக்கு, பெற்றோரின் வங்கி அறிக்கை இருந்தால் முதலில் அது. ரூபாய்த் தொகைக்குப் பக்கத்தில் டாலர் மதிப்பையும் குறித்துவிடுங்கள். மகனோ மகளோ செலவைப் பார்க்கிறார் என்றால் ஐ-134 என்ற ஆதரவு உறுதிமொழியும் அவருடைய சம்பளச் சீட்டும் வங்கி அறிக்கையும் வைக்கலாம். சிகிச்சை என்றால் அதற்கான பணத்தை யார் கட்டுகிறார் என்பதும் தெரிய வேண்டும். விசிட்டர் இன்ஷூரன்ஸை மறந்துவிடாதீர்கள், பழைய பாலிசி முடிவதற்குள் நீட்டினால்தான் பல திட்டங்களில் நீட்டவே விடுவார்கள். பத்திரம், வரி ரசீது போன்றவை தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும், இரண்டு மொழியும் தெரிந்து சரியாக மொழிபெயர்த்தேன் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதியும் வேண்டும். பாஸ்போர்ட் நகல் கட்டாயம், கேட்கும் காலம் முழுக்க அது செல்லுபடியாக இருக்க வேண்டும். முடியப் போகிறதென்றால் இங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகப் புதுப்பிக்கும் வேலையை முதலில் தொடங்குங்கள்.

படிவத்தில் வழுக்குகிற இடங்கள்

மனுதாரர் அப்பாவோ அம்மாவோதான், நீங்கள் இல்லை. ஆன்லைன் கணக்கும் அவர் பெயரில். மகனின் கணக்கில் உள்ளே போய், அதில் அப்பாவின் விவரத்தைத் தட்டி, கையெழுத்து இடத்தில் மகன் பெயர் வந்து நிற்கும் குழப்பம் அடிக்கடி நடக்கிறது. அப்பாவுக்கு மெயில் இல்லையென்றால் புதிதாக ஒன்று திறந்து, கடவுச்சொல்லை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தெரியாத அப்பாவுக்கு நீங்கள் வாசித்துக் காட்டி நிரப்பினால், படிவத்தில் மொழிபெயர்ப்பாளர், தயாரித்தவர் என்று இருக்கும் பகுதிகளில் உங்கள் விவரத்தைப் போட வேண்டும்.

கணவன் மனைவி இருவரும் ஒரே மனுவில் சேரலாம். ஒருவர் பிரதான மனுதாரர், மற்றவருக்கு ஐ-539ஏ என்ற துணைப் படிவம், கட்டணம் ஒன்றுதான். துணைப் படிவத்தில் அவரவர் கையெழுத்து அவரவர் போட வேண்டும், அம்மாவுக்கும் சேர்த்து அப்பா போடக் கூடாது. இருவருடைய ஐ-94 தேதியும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், தனித்தனி விமானத்தில் வந்த ஜோடிகளுக்கு வித்தியாசப்படும், முந்தி முடிகிற தேதிதான் உங்கள் கெடு.

காகிதத்தில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு முக்கியமான மாற்றம்: 2025 அக்டோபர் 28க்குப் பிறகு செக், மணி ஆர்டர் எடுப்பதில்லை. ஜி-1450 படிவத்தில் கார்டு விவரம், அல்லது ஜி-1650 படிவத்தில் அமெரிக்க வங்கிக் கணக்கு விவரம். முன்பெல்லாம் கைரேகைக்கென்று 85 டாலர் தனியாகக் கட்டச் சொன்னார்கள், 2023 அக்டோபர் முதல் அது கிடையாது. பழைய வழிகாட்டியைப் பார்த்துக் கூடுதல் பணம் அனுப்ப வேண்டாம்.

ரசீது வந்தபிறகு

காகித மனு முதலில் லாக்பாக்ஸ் என்ற இடத்துக்குப் போகிறது. அங்கே கவரைப் பிரித்து, கையெழுத்து, கட்டணம், படிவப் பதிப்பு இவற்றை மட்டும் பார்த்து உள்ளே எடுப்பார்கள் அல்லது திருப்பிவிடுவார்கள். பிறகுதான் சர்வீஸ் சென்டரில் ஒரு அதிகாரியின் வரிசைக்குப் போகும். ஆன்லைன் மனுவுக்கு முதல் படி இல்லை. ஐ-797சி என்ற ரசீது நோட்டீஸ் வரும், அதில் மூன்றெழுத்தும் பத்து இலக்கமும் கொண்ட எண். ஆன்லைன் என்றால் ஐஓஇ என்று தொடங்கும். ரேகை எடுக்க அருகிலுள்ள மையத்துக்கு அழைப்பு வந்தால் போய்த்தான் ஆக வேண்டும், போகாமல் விட்டால் மனுவைக் கைவிட்டதாகக் கருதி மூடிவிடலாம். நாள் ஒத்துவராவிட்டால் தேதிக்கு முன்பே மாற்றக் கேளுங்கள்.

இங்கிருந்துதான் எல்லோருக்கும் குழப்பம். ரசீது வந்துவிட்டது, ஐ-94 முடிந்துவிட்டது, முடிவு வரவில்லை, இப்போது அப்பா என்ன நிலையில் இருக்கிறார்? நம் ரயிலில் ஆர்ஏசி டிக்கெட் வைத்திருப்பவர் நிலைதான்: வண்டியில் ஏறி உட்கார உரிமை உண்டு, பெர்த் இன்னும் இவருடையது இல்லை. தேதிக்குள் நியாயமான மனு போட்டு, வேலை எதுவும் செய்யாமல் இருந்தால், மனு நிலுவையில் இருக்கும் வரை சட்டவிரோதத் தங்கல் நாட்கள் எண்ணப்படுவதில்லை. ஆனால் பி-2 ஸ்டேட்டஸ் ஐ-94 தேதியோடு முடிந்துபோனது, நீட்டிப்பு கிடைத்தால்தான் அது அந்தத் தேதியிலிருந்து ஒட்டவைக்கப்படும்.

அந்த எண்ணிக்கை ஏன் பெரிய விஷயம் என்றால், 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டுப் போனால் மூன்று வருடம் திரும்ப வர முடியாது, ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் என்றால் பத்து வருடம். மனுவே போடாமல் ஐ-94 தாண்டிவிட்டால் ஒரு நாளாக இருந்தாலும் அந்தப் பத்து வருட விசா செல்லாமல் போகும், அடுத்த விசாவுக்குச் சொந்த நாட்டில்தான் கேட்க வேண்டும்.

எத்தனை மாதம் ஆகும் என்பதற்கு ஒரே பதில் இல்லை, துறையின் பிராசஸிங் டைம் பக்கத்தில் விசா வகையையும் சென்டரையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், அந்த எண்ணும் மாறிக்கொண்டே இருக்கும். நடைமுறையில் நடப்பது என்னவென்றால், பல பெற்றோருக்கு முடிவு வருவதற்குள் கேட்ட காலமே முடிந்துவிடுகிறது. இதற்கு ஒரு விதி: நீங்கள் கேட்ட தேதி வரை முடிவு வராவிட்டால் அந்தத் தேதிக்குள் கிளம்புங்கள், இல்லையென்றால் அந்தத் தேதிக்கு முன் இரண்டாவது மனு, இரண்டாவது கட்டணம். முதல் மனு நிராகரிக்கப்பட்டால் இரண்டாவதும் அதோடு விழும். ரசீதை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் இருக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் சொல்வது, கேட்ட தேதியில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருங்கள், முடிவு எப்படி வந்தாலும் குடும்பம் தடுமாறாது.

முடிவு வரும் விதங்கள்

ஒப்புதல் என்றால் ஐ-797ஏ வரும், அதன் அடிப்பகுதியில் புதிய ஐ-94 இருக்கும். பெயர், தேதி சரிதானா பாருங்கள். சிபிபி தளத்தில் பழைய தேதியே தெரிந்துகொண்டிருக்கும், பயப்பட வேண்டாம், இந்தக் காகிதம்தான் இப்போது செல்லும்.

கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்எஃப்ஈ வரலாம், பி-2வில் பெரும்பாலும் பணம், திரும்பிப் போகும் எண்ணம், மருத்துவக் காரணம் இவற்றைப் பற்றித்தான். கெடு நோட்டீஸிலேயே இருக்கும். பதிலை ஒரே தடவையில் முழுசாக அனுப்ப வேண்டும், இன்று பாதி நாளை மீதி என்ற பேச்சே இல்லை, முதலில் போனதை வைத்தே முடிவெழுதிவிடுவார்கள்.

நிராகரித்தால் அப்பீல் கிடையாது. ஐ-290பி படிவத்தில் 800 டாலர் கட்டி, 30 நாளுக்குள் (நோட்டீஸ் தபாலில் வந்திருந்தால் 33) மறுபரிசீலனை கேட்கலாம், ஆனால் அது போட்டதால் தங்கும் உரிமை வந்துவிடாது. ஐ-94 ஏற்கெனவே முடிந்திருந்தால் மறுநாளிலிருந்தே சட்டவிரோத நாட்கள் ஓடத் தொடங்கும். முன்பு இந்த மாதிரிப் பெற்றோரைப் பெரும்பாலும் யாரும் துரத்தவில்லை. ஆனால் 2025 பிப்ரவரி 28 தேதியிட்ட கொள்கைக் குறிப்பின்படி, நிராகரிக்கப்பட்டுச் சட்டப்படி இருக்க உரிமையில்லாமல் இங்கேயே இருப்பவருக்கு குடியேற்ற நீதிமன்றத்தில் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ் கொடுக்கலாம். எழுபது வயது அம்மாவை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். நிராகரிப்பு வந்ததும் கிடைக்கும் முதல் விமானத்தில் டிக்கெட் போடுங்கள், சண்டையை ஊரிலிருந்து போட்டுக்கொள்ளலாம்.

வகை மாறுகிறவர்களுக்கு

எச்-1பிக்காரரின் மனைவி, கணவர், 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எச்-4 நீட்டிப்பும் இதே ஐ-539தான். கம்பெனி ப்ரீமியம் கட்டணம் போட்டு எச்-1பி பதினைந்து வேலை நாளில் வந்துவிடும், எச்-4க்கு அந்த வசதி இல்லாததால் தனியாகத் தூங்கும். 2023 ஜனவரியில் நீதிமன்றத்தில் எட்டிய ஓர் உடன்பாட்டால் இரண்டு வருடம் இவற்றைச் சேர்த்தே முடித்தார்கள், 2025 ஜனவரியோடு அந்தக் கட்டாயம் போய்விட்டது. அதோடு 2025 அக்டோபர் 30 முதல் போடும் வேலை அனுமதிப் புதுப்பிப்புகளுக்குத் தானியங்கி நீட்டிப்பும் இல்லை, எச்-4 ஈஏடியில் (வேலை அனுமதி அட்டை) வேலை பார்ப்பவர்களுக்கு இது நேராக வேலையில் விழும் அடி. எனவே எச்-1பி நீட்டிப்பு திறக்கும் முதல் நாளிலேயே, அதாவது ஆறு மாதம் முன்பே, எச்-1பி, எச்-4, ஈஏடி மூன்றையும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கம்பெனி வக்கீலை நச்சரியுங்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டையும் பாருங்கள். சிறுவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் என்பதால், வெளிநாடு போய்த் திரும்பும்போது அப்பா அம்மாவுக்கு ஒரு தேதியும் பிள்ளைக்கு முந்திய ஒரு தேதியும் ஐ-94ல் விழும், வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

வேலை போன எச்-1பி ஆட்களுக்கு 60 நாள் வரை அவகாசம், அதற்குள் ஐ-94 முடிந்தால் அதுவரைதான். அந்த நாட்களுக்குள் பி-2வுக்கு மாறக் கேட்டு ஐ-539 போட்டுவிட்டு வீட்டைக் காலி செய்வதும், பிள்ளையின் பள்ளி ஆண்டை முடிப்பதும் பலர் செய்வதுதான். பி-2வில் வேலை தேடலாம், நேர்காணலுக்குப் போகலாம், வேலை செய்யத்தான் கூடாது. 60 நாள் கடந்தபின் புதிய கம்பெனி எச்-1பி போட்டால், உள்ளிருந்தபடியே மாற முடிவது அந்த பி-2 மனுவின் முடிவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். பி-2 விழுந்தால் வெளியே போய் விசாவோடு வர வேண்டியிருக்கும்.

பி-2வில் வந்து எஃப்-1 மாணவராக மாற, கல்லூரி தரும் ஐ-20 என்ற சேர்க்கைச் சான்று, மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம், படிப்புச் செலவுக்குப் பணம் எல்லாம் வேண்டும். முடிவு வரும்வரை வகுப்பில் சேரக் கூடாது, சேர்ந்தால் மனுவே போய்விடும். படிப்பு தொடங்கும் தேதி நெருங்கினால் ஐ-20 தேதியைத் தள்ளிவைக்கக் கல்லூரியிடம் கேளுங்கள். மாணவர் வகைக்கு மாறுவதற்கு மட்டும் ஏறக்குறைய 2,000 டாலர் கூடுதலாகக் கட்டினால் 30 வேலை நாளில் பதில் தரும் ப்ரீமியம் வழி 2023 முதல் இருக்கிறது.

நடுவில் கிளம்பினால், வீடு மாறினால்

வகை மாற்றும் மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால், கைவிட்டதாகக் கணக்கு, பணமும் போச்சு. பி-2 நீட்டிப்பு கேட்டிருந்த பெற்றோர் முடிவுக்கு முன் ஊருக்குப் போவதில் தப்பு ஒன்றும் இல்லை, போகலாம். வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 என்ற படிவம் மூலம் முகவரியை மாற்றுங்கள், பழைய அபார்ட்மென்ட் தபால்பெட்டியில் ஆர்எஃப்ஈ விழுந்துகிடந்தால் கெடு உங்களுக்காக நிற்காது.

ஐ-94 தேதி தாண்டி, முடிவு வராமலே கிளம்பியவர்கள் அடுத்த பயணத்தில் இதை விளக்க வேண்டியிருக்கும். ரசீது நோட்டீஸ், அனுப்பிய மனுவின் நகல், திரும்பிய விமானத்தின் போர்டிங் பாஸ், பாஸ்போர்ட்டில் ஊரில் குத்திய வருகை முத்திரை, இவற்றை ஒரு கோப்பில் போடுங்கள். ஊர் போய்ச் சேர்ந்த சில நாளில் ஐ-94 தளத்தின் பயண வரலாற்றில் கிளம்பிய தேதி ஏறியிருக்கிறதா என்று பார்த்து அதையும் அச்செடுத்துச் சேருங்கள். அடுத்த முறை அப்பா விமானம் ஏறும்போது அந்தக் கோப்பு அவர் கைப்பையில் இருக்க வேண்டும், ஊறுகாயும் பொடியும் போகும் செக்-இன் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், கவுண்டரில் கேட்கும்போது அந்தப் பெட்டி பெல்ட்டில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.